ஏடும் சில்லும்

தேக்காவை அடுத்த சிம் லிம் டவரில் கிடைக்கும் மின்னணு உதிரிப் பாகங்களைக் கொண்டு பழைய விளையாட்டு இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையைச் செப்பனிடலாம். அதனாலேயே அவ்விளையாட்டைக் காத்துவிட்டோம் என்பது பொருந்தாது. 1993-இல் வெளிவந்த கேப்காம் நிறுவனத்தின் சி.பி.எஸ்.-2 பலகையில் நிரல் மறைகுறியாக எழுதப்பட்டது. அதை அவிழ்க்கும் திறவுகோலை ஒரு சிறு மின்கலமே காத்து நின்றது. மின்கலம் ஓய்ந்தால், பலகை பழுதின்றி இருந்தும் விளையாட்டு மாளும். ஆகவே சில்லில் உள்ளதைப் படியெடுப்பதே முதற்கடன்.

தன்னார்வலர் எடுத்த படிகளைக் கணினியில் இயக்கிக் காட்டும் 'மேம்' என்னும் செயலியை 1997-இல் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் தொடங்கினார். இயக்கிக் காட்டுவதன்று அதன் தனிச்சிறப்பு. வழுவுள்ள படி இது, படி கிடைக்காத சில்லு இது என்று ஒளியாமல் குறிக்கும் நேர்மையே சிறப்பு. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சிதைந்த அடிகளைத் தம் சொல்லால் நிரப்பாமல் சிதைந்தவாறே அச்சிட்ட நெறியும் இதுவே.

எனினும், படியெடுத்தபின் மூலத்தை எறிந்துவிடலாகாது; ஐயம் எழுந்தால் அதனிடமே திரும்ப வேண்டும். எனவே செப்பனிடுவோரும் வேண்டும். அவர்கள் எந்தச் சில்லை மாற்றினர் என்பதை எழுதி வைத்தலும் வேண்டும். சொல்லாமல் திருத்துவது ஏட்டிலும் பிழை, சில்லிலும் பிழை.