யாருக்கும் இல்லாத பெயர்

யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும்: பிள்ளைக்குப் பேர் விடும்போது தூத்துக்குடி வீடுகளிலும் இன்று இதுதான் முதல் நிபந்தனை. பத்தோடு பதினொன்றாக என் பிள்ளை நிற்கக் கூடாது, தேடினால் அவன் ஒருவன்தான் வர வேண்டும் என்று இதற்கு நியாயமும் சொல்கிறார்கள். அந்த நியாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசையில் தவறில்லை. ஒரே வகுப்பில் நான்கு அந்தோணியும் மூன்று முத்துக்குமாரும் இருந்தால் பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். பிச்சை, குப்பை என்று பெயர் சுமந்து கேலிபட்டவர்கள் அது தங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்பதும், சாதியைக் காட்டிக்கொடுக்கும் பெயரை உதறுவதும் முழு நியாயம்.

ஆனால் கிடைப்பது என்ன? தெருவில் கட்டியிருக்கும் காதணி விழா பிளெக்ஸ்களைப் படித்துப் பாருங்கள். தன்விக், ரித்விக், யஷ்விகா, தக்ஷிதா. எல்லாருக்கும் அலைபேசியில் கிடைக்கும் ஒரே பெயர்ப் பட்டியல், ஒரே மாதிரி முடியும் ஓசை, எண்கணிதக்காரர் கூட்டிக்கொடுத்த ஓர் எழுத்து. பிளெக்ஸில் ஒரு விதமாகவும் அழைப்பிதழில் வேறு விதமாகவும் அச்சாகிறது. ஆச்சிக்கு அது வாயில் நுழைவதில்லை. பேத்தியைக் கடைசிவரை 'பாப்பா' என்றே கூப்பிடுகிறாள். இதே பட்டியலைத்தான் கோவையிலும் ஐதராபாத்திலும் புரட்டுகிறார்கள். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பெயர் அது.

அபூர்வமான பெயருக்கு இந்தக் கரையில் பஞ்சமா? பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரிலிருந்து வந்தது தஸ்நேவிஸ். அந்த மாதாவின் பெருவிழா ஆகஸ்ட் 5. திருச்சிலுவைக் கோயில் உள்ள மணப்பாட்டுப் பக்கம் சிலுவை என்றே மனிதருக்குப் பெயர் உண்டு. சந்தியாகு, சூசை இருக்கின்றன. தாமிரபரணி ஆற்றோரமாகப் போனால் ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கள்ளபிரான், தென்திருப்பேரைப் பெருமாள் குழைக்காதன். தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயில் அம்மனின் பெயர் பாகம்பிரியாள். சென்னையில் ஒருவர் தன் பெயர் குழைக்காதன் என்று சொன்னால், விவரம் தெரிந்தவர் 'தென்திருப்பேரையா?' என்று கேட்டுவிடுவார். இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. முத்துமாலை, முத்தையா, முத்துச்செல்வி என்று பெயர்களில் முத்து மிஞ்சியது. அதையும் 'பழசு' என்று தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

தஸ்நேவிஸும் பர்னாந்தும் வெளியிலிருந்து வந்தவைதானே, அவையும் அந்தக் காலத்து மோகம்தானே என்று கேட்பார்கள். வந்தவைதான். 1536-37-இல் இந்தக் கரைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியர்களின் பெயர்களை ஏற்றார்கள். அன்றைய அரசியல் நெருக்கடியும் அதில் இருந்தது. ஆனால் ஒரு கரையே சேர்ந்து ஏற்ற பெயர்கள் அவை. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்கி, நம் நாக்கில் தேய்ந்து தமிழாகிவிட்டன. பர்னாந்து என்றதும் இங்கே யாருக்கும் லிஸ்பன் ஞாபகம் வருவதில்லை. தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்துதான் நினைவுக்கு வருகிறார். தன்விக் அப்படி இறங்க வழியே இல்லை. வேறு யாருக்கும் இல்லை என்பதற்காகவே அந்தப் பெயரை எடுத்தோம். நாளைக்குப் பேரனுக்கு அதை வைக்க விடாமல் தடுக்கப்போவதும் அதே காரணம்தான். ஒவ்வொரு தலைமுறையும் வெறும் தாளிலிருந்து தொடங்கினால், நூறு வருடம் கழித்து ஒரு குடும்பத்துப் பெயர்களை வரிசையாக எழுதிவைத்தாலும் அவர்கள் ஒரே குடும்பம் என்றோ இந்தக் கரைக்காரர்கள் என்றோ யாராலும் சொல்ல முடியாது. இதைத் தனித்துவம் என்று கொண்டாடுவது பெரும் பிழை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அவசரமே இல்லை. அதற்குள் ஆச்சியிடமும் தாத்தாவிடமும் பூட்டன் பூட்டி பெயர்களைக் கேளுங்கள். பழைய பத்திரங்களைப் புரட்டுங்கள், குடும்பக் கல்லறையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். அங்கே கிடைக்கும் பெயர் உங்கள் பிள்ளையின் வகுப்பில் வேறு யாருக்கும் இருக்காது.