நினைவுக் கோப்பைகள் எதை நினைக்கின்றன?

ஊர் விளையாட்டுச் சங்கம் ஒன்றிற்காக ஊதியமின்றி நெடுங்காலம் உழைத்தவர் மறைந்தபின், அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு போட்டியை நடத்தி, வெல்லும் அணிக்கு அவர் பெயர் பொறித்த சுழற்கோப்பையை வழங்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியின் ஊர்ப்புறங்களிலும் வேரூன்றியிருக்கிறது. சுழற்கோப்பை என்பது வென்ற அணி ஓராண்டு வைத்திருந்துவிட்டு அடுத்த ஆண்டு திருப்பித் தரவேண்டிய கோப்பையாகும். புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் சாலையில் உள்ள திருபுவனை போன்ற ஊர்களில் கபடி, கைப்பந்து, கிரிக்கெட் ஆகியவற்றைச் சுற்றியே இத்தகைய சங்கங்கள் இயங்குகின்றன. நியூசிலாந்திலும் இலங்கையின் பள்ளிகளிலும் ரக்பி பெற்றிருக்கும் இடத்தை இங்கே கபடி பெற்றிருக்கிறது எனலாம். நினைவுப் போட்டி என்னும் இவ்வழக்கம் மறைந்தவரின் பெயரைக் காக்கும் அளவுக்கு அவர் செய்த பணியைக் காக்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் இவ்வழக்கத்தின் சிறப்பைக் கூறவேண்டும். விளையாட்டுலகம் வழங்கும் பாராட்டு பெரும்பாலும் ஆடுகளத்துக்குள் இருப்பவர்களோடு நின்றுவிடுகிறது. இந்திய அரசு 1961 முதல் வீரர்களுக்கு அர்ச்சுனா விருதையும், 1985 முதல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருதையும் வழங்கி வருகிறது. ஆனால் விடியுமுன் வந்து மண் களத்துக்குத் தண்ணீர் தெளித்து, கட்டி உடைத்து, பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட ஆடவர் கபடிக் களத்தைக் கயிறு பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு இடுபவரும், காவல் நிலையத்திலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அனுமதிக் கடிதத்தோடு காத்திருப்பவரும், முழங்கால் பிசகிய பையனைத் தம் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அத்தகைய ஒருவரின் பெயரை ஒலிபெருக்கியில் ஊரறியச் சொல்வதற்கு நினைவுப் போட்டி ஒன்றே வழியாக இருக்கிறது. சம்பளம் இல்லாத உழைப்பும் உழைப்பே என்பதை ஓர் ஊர் பொதுவில் ஒப்புக்கொள்ளும் அரிய தருணம் அது. இந்த ஒப்புதல் சிறிதன்று.

புதுச்சேரியின் ஆட்சிச் சூழல் இவ்வழக்கத்துக்குக் கூடுதல் எடையைத் தருகிறது. கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து தொடரும் உள்ளாட்சிப் பிரிவாகும். திருபுவனை மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்தது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நெடுங்காலம் தேர்தல் நடைபெறவில்லை. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊரில், பொதுவேலையை இழுத்துப்போட்டுச் செய்பவர் என்னும் இடத்தைக் கோயில் குழுவினரும் இளைஞர் மன்றத்தாரும் விளையாட்டுச் சங்கத்தாருமே நிரப்புகின்றனர். ஆகவே சங்கத் தொண்டரை நினைவுகூர்வது ஆட்டத்தோடு மட்டும் தொடர்புடைய செயலாக இல்லாமல், தேர்தல் தராத ஒரு மதிப்பை ஊரே ஒருவருக்குத் தருவதாகவும் அமைகிறது. இதே சூழலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இடைநிலைப் பிரதிநிதிகள் இல்லாததால் சட்டமன்ற உறுப்பினரும், அந்த இடத்துக்கு வர விரும்புபவரும் சங்கத்தின் நேரடிப் புரவலர்களாகிவிடுகின்றனர். நினைவுப் போட்டியின் மேடை அவர்களுக்கும் பயன்படுகிறது.

இதன் விளைவைப் போட்டிக்கு அச்சிடப்படும் நோட்டீசிலேயே காணலாம். மறைந்தவரின் படம் மேலே ஒரு மூலையில் மாலையோடு இருக்கும். அதன்கீழ் எத்தனையாம் ஆண்டு நினைவு என்ற ஒரு வரி இருக்கும். அதற்கடுத்து முதற்பரிசு உபயம், இரண்டாம் பரிசு உபயம், கோப்பை உபயம், உணவு உபயம், ஒலி ஒளி உபயம் என்று பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். உபயம் என்பது கோயில் விழாக்களில் ஒரு நாளின் செலவை ஒருவர் ஏற்பதைக் குறிக்க வழங்கிய சொல். இன்று விளையாட்டுத் திடலுக்கும் வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம், எடைப்பிரிவு, நடுவர் தீர்ப்பே இறுதியானது என்னும் எச்சரிக்கை ஆகியவையும் தவறாமல் இருக்கும். மறைந்தவர் சங்கத்துக்காக என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது. பணம் தந்தவரின் பெயருக்கு எதிரே அவர் தந்தது எழுதப்படுகிறது. உழைப்பைத் தந்தவரின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படுவதில்லை.

இக்குறை ஊர்ப்புறச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் 1909இல் தொடங்கிய புச்சி பாபு நினைவுக் கிரிக்கெட் போட்டி, தமிழ் வட்டாரத்தின் மிகப் பழைய நினைவுப் போட்டிகளுள் ஒன்றாகும். புச்சி பாபு நாயுடு (1868–1908), ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு மாற்றாக, இந்தியர்களுக்கென 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, எஸ்பிளனேடு பகுதியில் திடல் அமைத்து, மட்டையும் பந்தும் உடையும் தம் செலவில் வாங்கித் தந்து ஒரு தலைமுறையை ஆடவைத்தவர். இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் மாகாண ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு அது நடைபெறுமுன்னரே காலமானார். அவர் பெயரிலான போட்டி ஒரு நூற்றாண்டைக் கடந்து, இடையில் சில ஆண்டுகள் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கியது. இதில் இவ்வழக்கத்தின் வலிமை தெளிவாகிறது: கட்டடங்களும் சங்கங்களும் மாறியபோதும் பெயர் நிலைத்தது. ஆயினும் இன்று நாளிதழில் அப்பெயரைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர்க்கு அது ஒரு போட்டியின் பெயரே; திடலுக்குள் சமமாக நுழையமுடியாத காலத்தில் இன்னொரு திடலை உருவாக்கியவரின் பெயர் என்பது மறைந்துவிட்டது. மேலும் புச்சி பாபு வசதி படைத்த குடும்பத்தவர். அவர் அமைத்த திடலில் உருளை இழுத்தவர்களின் பெயரில் எந்தக் கோப்பையும் இல்லை. இலங்கையின் ரக்பியில் புகழ்பெற்ற பிராட்பி கேடயமும் ராயல் கல்லூரி அதிபர் ஒருவரின் பெயரைத்தான் தாங்குகிறது. பதவியும் பணமும் எளிதில் கோப்பையாகின்றன. கைவேலை அவ்வளவு எளிதில் ஆவதில்லை.

கோப்பை நிலைத்தும் பணி அழிந்ததற்கு ரக்பி வரலாற்றிலேயே சான்று உண்டு. 1870களில் கல்கத்தாவில் இயங்கிய ரக்பிச் சங்கம் ஆட்கள் குறைந்து கலைக்கப்பட்டபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்பு வடிவக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட கோப்பை ஒன்றைச் செய்து இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்துக்கு வழங்கினர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. அழகிய கோப்பைதான், அதைத் தந்த சங்கம் இல்லை.

இவ்வழக்கத்தின் ஆழமான குறை அஞ்சலி உரைகளில் வெளிப்படுகிறது. “அவர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது” என்பது இத்தகைய மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பாராட்டு. சற்று நின்று நோக்கினால் இப்பாராட்டு சங்கத்தின் மீதான குற்றச்சாட்டாகவும் அமைவதை உணரலாம். ஒரே மனிதர் பல பத்தாண்டுகள் களத்தின் சாவியையும், வரவு செலவு நோட்டையும், வீரர்களின் வயதுச் சான்றுகளையும், நடுவர்களின் தொலைபேசி எண்களையும் தம்மிடமே வைத்திருக்க நேர்ந்தது, அவருடைய ஈடுபாட்டால் மட்டும் நேர்ந்ததன்று. பிறர் அவ்வேலையைப் பகிர்ந்துகொள்ளாமையாலும் நேர்ந்தது. அவருடைய தியாகத்தைப் புகழும் உரை, அத்தியாகத்தைத் தேவையாக்கிய சோம்பலை மூடிவிடுகிறது. அடுத்த தலைமுறைக்கும் அது ஒரு தவறான அளவுகோலைத் தருகிறது. திருபுவனை வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரால், வாழ்நாள் முழுவதையும் சங்கத்துக்குத் தந்தவராக முடியாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தருபவராக முடியும். முழுவாழ்வைத் தந்தவரை மட்டுமே போற்றும் மேடை, அந்த இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பில்லை என்று அவரிடம் சொல்லாமல் சொல்கிறது.

இன்னும் இரண்டு விடுபடல்களைக் குறிப்பிடவேண்டும். வெளியூர் அணிகளுக்குச் சமைத்த பெண்களும், கணவரின் மாலைப் பொழுதுகளையும் வருமானத்தின் ஒரு பகுதியையும் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்த மனைவியும் நினைவு நாளில் பொன்னாடை பெறுவதோடு சரி. அன்றியும், ஊர்ச் சங்கங்கள் பல இடங்களில் தெருவையொட்டியும் சாதியையொட்டியும் பிரிந்திருப்பதால், ஊருக்காக உழைத்தவர் என்று ஒரு தெரு கொண்டாடுபவரின் பெயர் அடுத்த குடியிருப்பில் அறியப்படாமலே இருக்கக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நியூசிலாந்து ரக்பி அமைப்பு, அந்நாட்டுக்கு 1870இல் ரக்பியைக் கொண்டுவந்த சார்லஸ் மன்றோவின் பெயரில், உயிருடன் இருக்கும் தொண்டர் ஒருவருக்கு விருது வழங்கிவருவது நல்ல முன்மாதிரிதான். ஆனால் நினைவைப் பணியோடு கட்டும் முறையைத் தமிழ்க் கல்வெட்டுகளே விரிவாகக் காட்டுகின்றன. போரில் இறந்தவர்க்கு நடுகல் நட்டதோடு நில்லாமல், அவருடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்னும் பெயரில் நிலம் வழங்கிய செய்திகள் உண்டு. உதிரப்பட்டி என்பது சிந்திய குருதிக்கு ஈடாகத் தரப்பட்ட நிலம். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளை விட்டவர்கள், சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் குறித்தனர். ஆடு இறந்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் இன்ன அளவு நெய் அளக்கவேண்டும் என்பது ஏற்பாடு. திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி ஒன்றைப் பராமரிப்பதற்கான நெல் ஒதுக்கீட்டைப் பதிவுசெய்கிறது. கொடுத்தவரின் பெயரோடு, நாளை யார் எதைச் செய்யவேண்டும் என்பதும் கல்லில் ஏறியது. நினைவுப் போட்டி இந்த இரண்டாம் பகுதியைக் கைவிட்டு முதற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது.

வறிய சங்கங்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்ற வினா எழலாம். நினைவுப் போட்டி இல்லையேல் போட்டியே இல்லை, மறைந்தவரின் பெயரைச் சொன்னால்தான் நன்கொடை கிடைக்கிறது என்பது உண்மையே. அதனால் இவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்வது பேதைமை. ஆனால் கோப்பைக்கும் பேனருக்கும் ஆகும் செலவில் சிறு பங்கை ஒதுக்கினாலே கோடு போடும் சுண்ணாம்புக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் ஓராண்டு போதும். யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் அச்சிடப்படும் நினைவு மலரைப் போல, தொண்டரின் நோட்டுப் புத்தகங்களையும் அவரோடு ஆடியவர்களின் நினைவுகளையும் தொகுத்துச் சங்கம் ஒரு சிறு நூலாக்கலாம். களம் அமைப்பது எப்படி, அனுமதிக்கு எங்கே யாரைப் பார்க்கவேண்டும் என்பனவும் அதில் இடம்பெற்றால் அது அடுத்து வருபவர்க்குக் கையேடாகவும் ஆகும். இவற்றுள் எதுவும் இயலாத சங்கம்கூட, அடுத்த நினைவுப் போட்டிக்கான நோட்டீசில் மறைந்தவரின் படத்துக்குக் கீழே, அவர் என்னென்ன வேலை செய்தார் என்றும், அவ்வேலைகளை இப்போது யார் யார் செய்கின்றனர் என்றும் பெயரோடு இரண்டு வரி அச்சிடட்டும்.