ஒரு ஆம்பின் ஒரே ஒரு நொடி

கிட்டார் ஆம்பின் ஒலியைப் பிடித்துவைக்கும் கருவிகளில் இன்றும் எனக்கு வியப்பு குறையாதது கெம்பர் ப்ரொஃபைலர். ஜெர்மனியின் ரூர் பகுதியில், ரெக்லிங்ஹவுசன் நகரத்து நிறுவனம் தயாரிப்பது. உருவாக்கிய கிறிஸ்டோஃப் கெம்பர், 1997-ல் வந்த ஆக்சஸ் வைரஸ் சிந்தசைசரால் ஏற்கெனவே பெயர் பெற்றவர். 2011-ல் இந்தக் கருவியை அறிவித்தபோது அவர் பிடித்த வழியே வேறு. மற்றவர்கள் ஆம்பின் மின்சுற்றைக் கணக்கிட்டு அதைப்போலச் செய்துகொண்டிருந்தார்கள். கெம்பர் கருவியோ நிஜ ஆம்புக்குள் இரைச்சலும் ஏறி இறங்கும் சோதனை ஒலிகளும் அனுப்பி, மைக் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்டே அதன் குணத்தைக் கற்றுக்கொள்கிறது. சில நிமிட வேலைதான். முடிந்ததும் அசலையும் நகலையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று சொல்வது கடினம்.

ரசிக்க வேண்டிய இடம் இங்கேதான். உங்கள் கருவியில் சேமித்திருக்கும் ப்ரொஃபைல், ஒரு ஆம்பின் ஒரே ஒரு நிலை. யாரோ திருகுகளை ஓர் அளவில் நிறுத்தி, ஸ்பீக்கர் கூம்பின் முன்னால் மைக்கை நகர்த்தி நகர்த்தி, ‘இதுதான்’ என்று முடிவுசெய்த ஒலி. மைக் கூம்பின் நடுவில் நின்றால் ஒலி கூர்மையாகும். ஓரத்துக்குப் போனால் மென்மையாகும். ஆகவே ஆம்பின் பெயரை மட்டும் பார்க்காமல், எடுத்தவர் யார் என்றும் பாருங்கள். ஒரே ஆம்பை இரண்டு பேர் எடுத்தால் இரண்டு காதுகளின் ரசனை கேட்கும்.

ப்ரொஃபைல்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும்முன் டிலே, ரிவெர்ப் பகுதிகளை அணைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டினால் ரிக்குகளை (ப்ரொஃபைலும் எஃபெக்டுகளும் சேர்ந்த சேமிப்புகளை) மாற்றும்போதும் அவை அணைந்தே இருக்கும். எந்தச் சுமாரான ஒலியையும் ரிவெர்ப் அழகாக்கிவிடும் என்பதால் இது முக்கியம். அடுத்து, லேசாக டிஸ்டார்ஷன் தொட்ட ஒரு ரிக்கை எடுத்து, ஒரே கம்பியை மெல்ல மீட்டுங்கள், பிறகு அழுத்தி. மென்மையில் சுத்தமாகவும் அழுத்தத்தில் சுரசுரப்பாகவும் பேச வேண்டும். கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்குங்கள். சத்தம் குறைவதோடு சுரசுரப்பும் விலகி, உள்ளிருக்கும் தெளிவு மேலே வந்தால் அது கைக்கு இணங்கும் ரிக், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு கார்டு வாசித்து, உள்ளே ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதா என்றும் பாருங்கள்.

ஒருமுறையாவது கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கரும் அதன் மரப்பெட்டியும் தரும் பகுதியை, அணைத்துக் கேளுங்கள். கொசு ரீங்காரம் போன்ற கூச்சல் காதைக் குத்தும். கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும் தன்மை கொண்டது. ஆம்பின் இனிமை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு அந்த ஸ்பீக்கருக்கும் மரப்பெட்டிக்கும் சேர வேண்டியது.

எடுத்த ப்ரொஃபைலில், டிஸ்டார்ஷனின் அளவைத் தீர்மானிக்கும் கெயினைக் கொஞ்சம் நகர்த்தலாம். வெகுதூரம் போனால் அசலின் குணம் நழுவும். 2023-ல் வந்த லிக்விட் ப்ரொஃபைல் முறை, அந்தந்த ஆம்பின் கெயின், டோன் திருகுகள் நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துக்கொண்டது. பழைய ப்ரொஃபைல் என்றால், திருகை முறுக்குவதைவிட அதிக கெயினில் எடுத்த இன்னொன்றைத் தேடுவதே மேல்.

சேமிப்பதில் தாராளம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கருவியில் 125 பெர்ஃபார்மன்ஸ்கள் (ரிக்குகளை அடுக்கும் தொகுப்புகள்), ஒவ்வொன்றிலும் 5 ஸ்லாட்டுகள் (ஒரு ரிக் அமரும் இடங்கள்). மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு ஒரே மாலையில் இளையராஜா பாட்டின் சுத்தமான ஆர்பெஜியோவும் ரஹ்மான் பாட்டின் கனத்த டிஸ்டார்ஷனும் தேவைப்படும். அதற்கு ஐந்து ஸ்லாட்டே போதும். பெயரை ஆம்பின் பெயராக வைக்காமல் வேலையைச் சொல்வதாக வையுங்கள்: ‘சுத்தம்’, ‘ரிதம்’, ‘சோலோ’. இருட்டு மேடையில் அதுதான் கண்ணில் படும். ஸ்லாட்டில் இருப்பது ரிக்கின் தனிப் பிரதி. அதில் செய்யும் மாற்றம் மூல ரிக்கைத் தொடாது. துணிந்து திருகலாம். கணினியில் ரிக் மேனேஜர் மென்பொருளைத் திறந்து, பிடித்தவற்றைத் தனியே குறித்து, மொத்தத்தையும் ஒரு காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள்.

சேமித்ததோடு வேலை முடியவில்லை. குறைந்த சத்தத்தில் நம் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே கேட்கிறது. ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. வீட்டில் இரவில் பேஸை ஏற்றிச் செதுக்கிய ஒலி அரங்கில் குமுறுவது இதனால்தான். ஒத்திகையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒலிக்கும்போது ஒவ்வொரு ஸ்லாட்டையும் மறுபடி கேட்டு, பேஸைக் குறைத்து, அங்கேயே சேமியுங்கள். சோலோ ஸ்லாட்டை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தி வையுங்கள்.