விழாத கீப்பர்

ஹாக்கியில் ஷூட் அவுட் முடிந்து கலைகிறபோது நம் ரசிகர்கள் சொல்கிற ஒரு வாக்கியம் எனக்கு ஆகவே ஆகாது: "அடிக்கப் போனவன் சொதப்பிட்டான்."

சொதப்பினானா, சொதப்ப வைத்தார்களா என்று யாராவது யோசித்தோமா? பந்து 23 மீட்டர் கோட்டில் இருக்கிறது. கீப்பர் கோல் கோட்டில் நிற்கிறார். விசில் ஊதியதும் அடிக்க வருகிறவருக்கு எட்டு நொடி. எத்தனை தடவை வேண்டுமானாலும் பந்தைத் தொடலாம், வெட்டலாம், திரும்பலாம், தவறிய பந்தை மறுபடி அடிக்கலாம். எதிரே 12 அடி அகலம், 7 அடி உயரக் கோல், அதைக் காக்க ஒரே ஒரு ஆள். இவ்வளவு சலுகை இருந்தும் எட்டு நொடியும் கரைந்து, ஷாட்டே அடிக்காமல் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புகிறார் என்றால், அந்த வேலையைச் செய்தது யார்?

நான் சொல்லவரும் கீப்பரின் பெயர் இங்கே வராது. பின்தொடர்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. வீரசோழன் பக்கத்துப் பிள்ளை. கண்மாய் வற்றினால் அதுவே மைதானம் என்கிற சீமையிலிருந்து கிளம்பி, பல வருஷமாக ஒரு துறை அணிக்குக் கோல் காக்கிறார். நம்ம ஊர் ஆள் என்பதால் தூக்கிப் பிடிக்கிறேன் என்பீர்கள். ஆமாம், தூக்கித்தான் பிடிக்கிறேன். ஆனால் காரணத்தோடு.

அவர் மீதான புகார் எல்லோருக்கும் மனப்பாடம். டைவ் அடிப்பதில்லை, வெளியே பாய்ந்து வருவதில்லை. வீரசோழன் கடைத்தெருவில் செல்போனில் ஆட்டம் பார்க்கும் இளவட்டங்களே, "என்னண்ணே, உங்க ஆளு சும்மாவே நிக்கிறாப்ல?" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

சும்மா நிற்கவில்லை, தம்பிகளா. விசில் ஊதிய கணத்தில் அவர் கால்களைப் பாருங்கள். முதல் நாலைந்து எட்டு வேகமாக முன்னே வருகிறார். மற்ற கீப்பர்கள் அந்த ஓட்டத்திலேயே போய்ச் சறுக்கி விழுந்து பந்தை அடைப்பார்கள். இவர் அங்கேதான் நிறுத்துகிறார். முழங்கால் மடங்கி, குதிகால் தரையில் படாமல் நிற்கிறது. அடிக்க வருகிறவர் ஒரு பக்கம் உடம்பை ஆட்டிப் பொய் காட்டுகிறார், இவர் அசைவதில்லை. இரண்டாவது பொய்க்கு அரை அடி பின்வாங்குகிறார். முதல் தூறலை நம்பி விதையைக் கொட்டுகிறவன் மானாவாரிக்காரன் இல்லை என்று திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த மனிதர் கோலிலும் அப்படித்தான் நிற்கிறார்.

பின்வாங்கும்போது அவர் நேர்கோட்டில் போவதில்லை என்பதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? கொஞ்சம் தன் இடப்பக்கமாகச் சாய்ந்து போவார். அதனால் அவருடைய வலப்பக்கம் திறந்து கிடக்கிற மாதிரி தெரியும். அடிக்க வருகிறவருக்கு அது இடப்பக்கம், அதாவது ரிவர்ஸ் ஸ்டிக்கில் ஆடவேண்டிய பக்கம். கீப்பரின் வலக்கையில் ஸ்டிக் இருக்கிறது. அந்தப் பக்கம் அவருக்கு எட்டும் தூரம் அதிகம். திறந்த வாசல் என்று நினைத்து முன்கள வீரர் உள்ளே நுழைகிறார். கோணம் சுருங்குகிறது. ஐந்தாவது நொடி, ஆறாவது நொடி. இப்போது அவர் பந்தைத் திருப்பி வலப்பக்கம் கொண்டுவரவேண்டும், அதற்கு நேரமில்லை. பந்து பின்கோட்டைத் தாண்டுகிறது, இல்லாவிட்டால் ஹாரன் அடிக்கிறது. நாம் "சொதப்பிட்டான்" என்கிறோம்.

அவசரப்பட்டு விழுகிற கீப்பருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரியாமல் காலைத் தட்டிவிட்டால் ஷூட் அவுட்டைத் திரும்ப எடுக்கவேண்டும். வேண்டுமென்றே தட்டியதாக நடுவர் நினைத்தால் பெனால்டி ஸ்ட்ரோக். படுத்துவிட்ட கீப்பர் தன் முடிவை எதிராளி கையில் கொடுத்துவிட்டவர். நிற்கிறவரிடம் முடிவு இன்னும் மிச்சமிருக்கிறது.

பெனால்டி கார்னரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே நேரம் எட்டு நொடி கிடையாது. கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். அங்கிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ட்ராக் ஃப்ளிக் கோலுக்கு வர ஏறக்குறைய அரை நொடி. நேராக ஓங்கி அடித்தால் முதல் ஷாட் கோல் பலகையின் 460 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை, மேல்மூலைக்கும் போகலாம். பந்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் பிந்திவிடும். ஆகவே ஃப்ளிக் அடிப்பவரின் இடது பாதம் எங்கே பதிகிறது, தோள் எந்த நேரத்தில் திறக்கிறது என்பதைத்தான் படிக்கவேண்டும். அதற்கும் முன்னால், பாய்ந்து ஓடுகிற முதல் ரன்னருடன் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. ரன்னர் அரை எட்டு பிந்தினால் கீப்பர் காக்காத பக்கத்தில் கோல் விழும். பார்க்கிறவர்களுக்கு, "நகரவே இல்லையே!" நகரக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம்.

சேவ் கணக்கு எழுதுகிறவர்கள் அடிக்கப்பட்ட ஷாட்டைத்தான் எண்ணுகிறார்கள். அடிக்கவிடாமல் செய்ததற்குக் கட்டம் கிடையாது. வடஅமெரிக்காவில் பனி ஹாக்கி கோலியை சேவ் சதவீதத்தால்தான் எடைபோடுகிறார்கள். அவர்கள் கோல் 6 அடிக்கு 4 அடி. நம்முடையது பரப்பில் அதைப்போல மூன்றரை மடங்கு. அவ்வளவு பெரிய வாசலைக் கையாலும் காலாலும் மட்டும் மூடிவிட முடியாது. எதிராளியின் நேரத்தைத் தின்றும் மூடவேண்டும். நம் தேர்வாளர்கள் அந்தச் சதவீதத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நம் கீப்பர்களை அளப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

பழைய முறையில் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. சமநிலை என்றால் பெனால்டி ஸ்ட்ரோக், சுமார் 6.4 மீட்டரிலிருந்து. கோட்டில் நின்று ஒரு பக்கம் பாயவேண்டியதுதான், பாதி ஊகம். ஷூட் அவுட் வந்த பிறகுதான் யோசிக்கிற கீப்பருக்கு விலை வந்தது. 2025 டிசம்பரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் ஷூட் அவுட்டில்தான் தீர்ந்தது. அந்தத் தொடருக்கு மதுரையும் ஒரு களம். தென்மாவட்டப் பிள்ளைகள் நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். அதன் விளைவு நாலைந்து வருஷத்தில் தெரியும்: கோவில்பட்டிப் பக்கமிருந்து வருகிற அடுத்த தலைமுறைக் கீப்பர்கள் சறுக்குவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

இனி என் ஜோசியம். வரும் சீசனில் நம்ம ஆள் அடி வாங்குவார். அவர் நிற்பதை எதிரணிகள் வீடியோவில் படித்துவிட்டன. ஆறு நொடி காத்திருக்காமல், டி-க்குள் நுழைந்ததும் மூன்றாவது நொடியிலேயே ரிவர்ஸில் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். இரண்டு கோல் கால்களுக்கு இடையிலேயே போகும். உடனே "முடிஞ்சுபோச்சு, வயசாயிடுச்சு" என்பார்கள். லீக் ஆட்டங்களில் உட்காரவைத்துவிட்டு ஒரு டைவ் மன்னனைக் கோலில் நிறுத்துவார்கள். கேலரி கைதட்டும்.

அப்புறம் நாக் அவுட் வரும். கடைசி நிமிஷத்தில் சமநிலை, பெஞ்சிலிருந்து இவரைக் கூப்பிடுவார்கள். ஷூட் அவுட்டுக்கென்றே தனிக் கீப்பர் என்பது இன்னும் இரண்டு சீசனில் நம் துறை அணிகளில் வழக்கமாகிவிடும், அதில் முதல் ஆள் இவராக இருப்பார். இந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: முதல் எட்டுகளில் இன்னும் ஒரு மீட்டர் முன்னே வா, தம்பி. சீக்கிரம் அடிக்கிறவனுக்கு அந்த ஒரு மீட்டர்தான் மருந்து.

கோடையில் கோவில்பட்டி அகில இந்தியப் போட்டிக்குப் போகிறவர்கள், ஷூட் அவுட் வந்தால் ஒருமுறையாவது பந்தை விட்டுவிட்டுக் கீப்பரின் கால்களை மட்டும் எட்டு நொடியும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.