ஐந்து கட்டம், தெரிந்தது மூன்று எழுத்து: ஒன்லுக் எப்படி இருக்கிறது?

ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்று வேண்டும். உள்ளே எங்கேயோ ஒரு 'ஒய்' இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். ஒன்லுக் தளத்தின் தேடல் பெட்டியில் ஐந்து கேள்விக்குறி போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே 'ஒய்' என்று தட்டினால் போதும். ஹேப்பி, ரைம் என்று வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கும். கேள்விக்குறி என்றால் ஒரே ஒரு எழுத்து. நட்சத்திரம் என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டை ஜோஷ் வார்டில் 2021-இல் வெளியிட்டார். அதை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதற்குப் பிறகு இந்த மாதிரித் தேடலுக்கு ஏகப்பட்ட தளங்கள் முளைத்துவிட்டன. பெரும்பாலானவை வெறும் பட்டியலை நீட்டுகின்றன. ஒன்லுக்கில் வார்த்தையைத் தொட்டால் அதன் பொருளும் பல அகராதிகளுக்கான வழியும் கிடைக்கின்றன. நான் இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான்.

எங்கள் திருப்பாச்சூரிலிருந்து காக்களூர் சிட்கோவுக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, தமிழ்வழியில் படித்து டிப்ளமோ முடித்தவள். எழுத்தைக் கலைத்துப்போட்டு வார்த்தை கேட்கிற தேர்வுக் கேள்விகளில் தடுமாறுகிறாள். அவள் கையில் போனைக் கொடுத்து, முதலில் 'எல்', நடுவே மூன்று கேள்விக்குறி, கடைசியில் 'இ', காற்புள்ளிக்குப் பின் எங்கேயாவது ஒரு 'ஹெச்' என்று தட்டச் சொன்னேன். லேத் வந்தது. "அண்ணா, இது தினமும் நான் நிக்கிற மெஷின். இதுக்கு ஸ்பெல்லிங் இப்படியா?" என்றாள். கூடவே லீத்தி என்று ஒரு கிரேக்கப் புராண நதியும் வந்தது. ஒன்லுக்கின் பெரிய குறை இதுதான். ஊர்ப் பெயர், ஆள் பெயர், சொற்றொடர் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் கொட்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று திணறிப்போவார்கள். பொதுவழக்குச் சொற்களை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டிக்கொள்வது அவசியம்.

கழித்தல் குறிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'எஸ்', 'பி', மூன்று கேள்விக்குறி, பிறகு கழித்தல் குறி போட்டு 'இ', 'ஐ' என்று கொடுத்தால், அந்த இரண்டு உயிரெழுத்தும் இல்லாத வார்த்தைகள் மட்டும் வரும்: ஸ்பார்க், ஸ்பூன், ஸ்பூல். வேர்டில் ஆடுகிறவர்களுக்குச் சாம்பல் நிறக் கட்டங்களை ஒதுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. முக்காற்புள்ளி இன்னும் ஒரு படி மேலே. 'பி' (B), 'எல்', நட்சத்திரம், முக்காற்புள்ளி, அதன்பின் பனி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் பனி சம்பந்தப்பட்ட ப்ளிஸார்ட் போன்ற வார்த்தைகளைத் தேடி எடுக்கிறது. தி ஹிந்து குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

காசு கிடையாது, செயலி எதுவும் இறக்க வேண்டியதில்லை. நெட் மட்டும் வேண்டும். நெட் இல்லாத இடத்துக்கு ஆண்ட்ராய்டில் கட்டளைகளைத் தட்டி இயக்க உதவும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, எனேபிள் என்ற இலவசச் சொற்பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் சொற்கள், அளவோ சுமார் இரண்டு எம்பிதான். கென் தாம்ப்சன் 1970-களில் பெல் ஆய்வகத்தில் எழுதிய கிரெப் கட்டளை கண்ணிமைக்கும் நேரத்தில் சலித்துத் தரும். ஆனால் அதில் பொருள் இருக்காது. ஆலீ என்று ஒரு ஹவாய் மரம் வந்து நின்றால் அது மரம் என்றே தெரியாது. படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சொல்வேன்.

அப்படித் தெரிந்தவர்கள் அதே கிரெப்பைத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றின்மீது ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றெழுத்துச் சொற்களைக் கேட்டால் 'தமிழ்' வராது. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று அது ஐந்து குறியீடு. 'கொ' என்ற ஓரெழுத்தே தட்டச்சு செய்த விதத்தைப் பொறுத்து இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்குறிக்கு ஓர் எழுத்து என்பது இங்கே செல்லாது. குறியீடுகளை எழுத்தாகச் சேர்த்து எண்ணச் சொல்ல வேண்டும். பெர்ல் வகை விதிகளை ஏற்கும் கிரெப்பில் அதற்கு வழி இருக்கிறது. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதை வைத்து, கட்டம் எத்தனை, எந்த எழுத்து எங்கே என்று கேட்டுப் பொருளோடு பதில் தருகிற தமிழ்த் தேடல் ஒன்றை யாராவது செய்தால், முதல் ஆளாக நான் புழங்கிப் பார்த்து எழுதுவேன்.