நாக்கும் கையும்

நமது கதைகளில் வரும் நாவிதருக்கு நாக்கு உண்டு, கை கிடையாது. ஊர் வம்பு பேசுவார், பெரிய வீட்டு ரகசியம் சொல்வார், வேண்டுமானால் காதலர்களுக்குத் தூதும் போவார். இதற்கிடையில் எப்படியோ முடி வெட்டி முடிந்துவிடும். எப்படி வெட்டினார் என்பது எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவர்களும் கேட்பதில்லை.

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்வதுதான் நியாயம். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றில் ஒரு நாவிதர் மூன்று பக்கம் பேசுகிறார். அவருடைய தொழிலுக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம்: புல்லை அறுப்பது போல முடியை அறுத்துத் தள்ளினார் என்று. அது எவ்வளவு பெரிய பொய் என்பது சென்ற கோடையில் மரக்காணத்தில் எனக்கு விளங்கியது.

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், வழியில் வரும் உப்புக் குவியல்களைக் கொண்டே மரக்காணத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்தப் பக்கந்தான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. நான் போனது உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி எழுதுவதற்காக. வெயில் தாங்காமல் ஒரு முடி திருத்தும் கடையில் ஒதுங்கினேன். இரண்டு நாற்காலி, முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு.

உப்பளத்திலிருந்து நேரே வந்த ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் எடுத்த எடுப்பில் கத்தரியைத் தொடவில்லை.

“தலைய ஒரு தடவ கழுவிக்கிட்டு வந்துடுங்க பெரியவரே. உப்பு பூத்துக் கெடக்குது, சீப்பு எறங்காது” என்றார்.

கழுவி வந்த தலையைத் துவட்டி, முடியை அது விழும் போக்கிலேயே வாரிப் பார்த்தார். உச்சியில் இரட்டைச் சுழி. சுழியில் குட்டையாக வெட்டினால் முடி நட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே அங்கே மட்டும் நீளம் விட்டார். ஈர முடி நீண்டு காட்டும், உலர்ந்தால் மேலேறிவிடும். அதனால் மனத்திலுள்ள அளவுக்குச் சற்று முன்னதாகவே கத்தரியை நிறுத்தினார். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாதல்லவா?

பிடரிக்கு மிஷின். அதில் மாட்டும் சீப்புகளுக்கு எண் உண்டு. 1-ஆம் எண் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முடியை விடும், 2-ஆம் எண் 6. கீழே சின்ன எண்ணும் மேலே பெரிய எண்ணுமாக ஓட்டினால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுகிறது. அதுவரை யாரும் செய்துவிடலாம். அந்தக் கோட்டை அழிப்பதில்தான் வித்தை இருக்கிறது. சீப்பை முடிக்குள் சாய்வாக ஏற்றி, சீப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தரியால் எடுக்கிறார். கத்தரியின் ஒரு அலகு சீப்போடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. கட்டைவிரல் பிடித்த அலகு மட்டும் ஆடுகிறது. சில நிமிஷங்களில் கோட்டைக் காணோம். குட்டை எங்கே முடிந்தது, நீளம் எங்கே தொடங்கியது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

நடுநடுவே எதையும் வெட்டாமலே கத்தரியை ‘கிச் கிச்’சென்று ஆட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த எனக்கு அது வெறும் ஜம்பமாகப் பட்டது. சில எழுத்தாளர்களின் நடை ஞாபகத்துக்கு வந்தது. கேட்டும் விட்டேன்.

“அலகுல ஒட்டின முடி உதிரணும் சார். அதோட, விரல் நின்னுட்டா கணக்கு தப்பிப் போயிடும்” என்றார்.

ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்கு வாசகன் அறியாமல் இறங்குவது எப்படி என்று நாமெல்லாம் தலையை உடைத்துக்கொள்கிறோம். அந்தக் கஷ்டத்தைத் தினம் இருபது தலையில் தீர்க்கிற மனிதரைக் கதைக்குள் அழைத்து வம்பு பேசச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

செக்காவ் அப்படிச் செய்யவில்லை. 1883-இல் அவர் எழுதிய சிறுகதை ஒன்றில் ஓசியில் முடி வெட்டிக்கொள்ள வந்த கிழவர், தம் மகளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டதைப் பேச்சுவாக்கில் சொல்கிறார். அந்தப் பெண்மேல் ஆசை வைத்திருந்த நாவிதனின் கை நின்றுவிடுகிறது. கிழவர் பாதித் தலையோடு வீடு போகிறார். மறுநாள் வந்தால், காசை முதலில் வை என்கிறான். பாதித் தலையோடே அவர் மகள் கல்யாணத்திலும் ஆடுகிறார். சிரிப்பு வருகிறது; ஆனால் நாவிதனின் துக்கமெல்லாம் அந்த வெட்டப்படாத பாதியில் இருக்கிறது. நாக்கு சொல்ல மாட்டாததைக் கை சொல்லிவிட்டது.

நம்மிடம் ஏன் இது அபூர்வமாயிற்று? கலைக்குறைவு மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். உருப்படாதவனைப் ‘போய்ச் சிரை’ என்று திட்டுகிற பாஷை நமது பாஷை. பண்டிதர், பரியாரி, மருத்துவர் என்று இந்தத் தொழில் செய்தவர்களுக்குப் பெயர்கள் உண்டு. கட்டி அறுத்ததும், மருந்து அரைத்துக் கொடுத்ததும் அவர்கள். பிரசவம் பார்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். அந்தக் கைகளில் பிறந்துவிட்டு அந்தக் கைகளையே வசவாக்கிக்கொண்டோம். வசவாகிப்போன வேலையை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

அந்தக் கை எந்தத் தலையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானித்ததும் ஊர்தான். தீண்டாமையின் பேரால் ஒருவனுக்குச் சேவை மறுப்பது குற்றமென்று 1955-இல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் எத்தனையோ கிராமங்களில் தாழ்த்தப்பட்டவர்கள் முடி வெட்டிக்கொள்ள டவுனுக்குப் பஸ் ஏறியிருக்கிறார்கள். வெட்டினால் ஊர்க்கோபம், மறுத்தால் குற்றம். நடுவில் கத்தரியோடு ஒரு மனிதன். இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்? 2021-இல் வந்த ‘மண்டேலா’ படம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் முடி வெட்டும் ஒருவனுக்குத் தனக்கென்று ஒரு சலூன் வேண்டும் என்ற ஆசையையும், சொந்தமாக ஒரு பெயரையும் அது கொடுத்தது. எழுத்தில் நாம் இன்னும் அவரைப் பேசவிட்டே பொழுதைப் போக்குகிறோம்.

கிழவர் எழுந்து போனதும் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வேலை முடிந்ததும் கடைக்காரர் ஒரு கைக்கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து, “பாருங்க சார்” என்றார். ஐம்பது வருஷமாக இந்தக் கட்டத்தில் பாராமலே தலையாட்டிக் காசைக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். கோடு எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய கதையை எடுத்துப் புல் அறுக்கிற வாக்கியத்தை அடித்தேன். அதற்குப் பதிலாக எழுத வேண்டியது ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை. கதையையே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.