யார் வாயில் யார் வார்த்தை

பள்ளி ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் வேடம் போடும் பிள்ளை எந்த ஊரானாலும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறது. மையால் வரைந்த மீசை, அட்டைக் கத்தி, எதிரே தொப்பி மாட்டிய ஜாக்சன் துரை. உழவு வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இதில் எதைச் செய்தாய் நீ, உனக்கு எதற்கு வரி என்று கேட்டு முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் இது யாருடைய பேச்சு என்று விசாரித்தால், சிலர் பாஞ்சாலங்குறிச்சிக்காரரே பேசியது என்பார்கள், பலர் படத்தில் அதைப் பேசிய சிவாஜி என்பார்கள். அதை எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி.

1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனும் சந்தித்தது உண்மை. பாளையக்காரரை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் மணிக்கணக்கில் நிற்கவைத்து விசாரித்தார் கலெக்டர். பேச்சு கிஸ்தி பாக்கியைப் பற்றியது. கைகலப்பு மூண்டு கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி இறந்தார், ஜாக்சனின் பதவி பறிபோனது. மறு ஆண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதன்பின் அவர் கதை தெற்கத்திச் சீமையின் கதைப்பாடல்களிலும் கூத்திலும் வாழ்ந்தது. ம.பொ.சி. அதைப் புத்தகமாக்கினார். கிருஷ்ணசாமி சிவாஜியின் நாடக மன்றத்துக்காக நாடகமாக எழுத, 1957-இல் மேடையேறியது. பி.ஆர். பந்துலு 1959-இல் படமாக்கினார். மறுவருடம் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி சிறந்த நடிகர் ஆனார். நூற்று அறுபது ஆண்டு இடைவெளியை ஒரு வசனகர்த்தாவின் பேனா தாண்டியிருக்கிறது. தான் எழுதியது வரலாறாகவே நம்பப்படுவது எழுத்தாளனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி. அந்த வெற்றியில் அவர் பெயர் மட்டும் விடுபட்டுப்போவது எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். பெயர் மேட்டைப் பார்த்து ஓடுகிறது. சொன்னவர் தெரியாத வாசகம் எதுவானாலும், அந்தத் துறையில் ஆகப் பிரபலமானவர் கணக்கில் போய்ச் சேரும். பிபிசி வானொலியில் மேற்கோள்களின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் நிகழ்ச்சியை 1976 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய நைஜல் ரீஸ், ஆங்கிலத்தில் எல்லாம் சர்ச்சில் பக்கம் ஒதுங்குவதைக் கவனித்து அந்தப் போக்குக்கே சர்ச்சிலின் பெயரை வைத்தார். நம் திரைப்பாட்டில் அந்த இடம் கண்ணதாசனுக்கு. தத்துவம் என்றால் கண்ணதாசன், உழைப்பாளி என்றால் பட்டுக்கோட்டை என்று காது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் உழவுப் பாட்டைப் பாருங்கள். மாடு கட்டி உழுவதிலிருந்து விளைச்சலை விற்றுக் காசாக்குவது வரை ஒரு சம்சாரியின் ஆண்டு முழுவதும் அதில் இருக்கிறது. எந்த ஊர் மாடு, எந்த ஊர் விதை வேண்டும், எங்கே கொண்டுபோய் விற்கவேண்டும் என்று ஊர்ப்பெயர்களோடு சொல்கிற பாட்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுதியவர் அ. மருதகாசி. அன்றைய திருச்சி மாவட்டத்து மேலக்குடிகாட்டில் பிறந்தவர், பட வாய்ப்பு குறைந்த காலத்தில் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவர், பிறகு எம்.ஜி.ஆரின் ‘விவசாயி’ (1967) படத்துக்கும் பாட்டெழுதியவர். மண்ணைத் தெரிந்த கை அந்தப் பாட்டில் வரிக்கு வரி தெரிகிறது. ஊகித்தவர்கள் ‘விவசாயம் அறிந்த கவிஞர்’ என்ற வரைக்கும் சரியாகவே வந்திருக்கிறார்கள். அப்புறம்தான் பிரபலமான பெயரின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வாலிக்கு நேர்ந்தது இதைவிடக் கடினம். ‘படகோட்டி’ (1964) பாடல்கள் அத்தனையும் அவருடையவை. ஆனால் இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, குரல் டி.எம்.எஸ்., முகம் எம்.ஜி.ஆர். கண்ணதாசனின் பாட்டுகள் வந்த அதே வழியில் வந்ததால், அவற்றையும் கண்ணதாசன் என்றே நினைத்தவர்கள் ஏராளம். நடைகளும் அப்போது நெருக்கமாகத்தான் இருந்தன. பட்டுக்கோட்டை விஷயத்திலாவது தேதி கைகொடுக்கும்: அவர் 1959 அக்டோபரில் 29 வயதில் மறைந்துவிட்டார். அறுபதுகளின் நடுவில் வந்த பாட்டை அவர் தலையில் கட்டும்போது கொஞ்சம் யோசிக்கலாம். கண்ணதாசனும் வாலியும் ஒரே காலத்தில், ஒரே இசைக்கு, ஒரே நாயகனுக்கு எழுதியவர்கள். அங்கே காதை நம்ப முடியாது, காகிதம் வேண்டும்.

கண்ணதாசன் எழுதியதுதான் என்று உறுதியான பிறகும் தேடல் முடிவதில்லை. ‘பாதகாணிக்கை’ (1962) படத்தில், செத்தவனோடு யார் யார் எதுவரை வருவார்கள் என்று கணக்கிடும் பாட்டுக்குப் பின்னால் பட்டினத்தார் இருக்கிறார். ‘இருவர்’ (1997) படத்தின் காதல் பாட்டில் வைரமுத்து குறுந்தொகையின் செம்மண் மழையையும் பாரி மகளிரின் நிலவையும் சேர்த்துக் கோத்தார். மனிதகுலம் ஒன்று, கடவுள் ஒருவர் என்று அண்ணா மேடைகளில் முழங்கியதை அவரே ஆக்கியதாக நினைக்கும் தலைமுறை வந்துவிட்டது. அது திருமூலரின் வாக்கு. இந்த எடுத்தாளல்களை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டுக் குறுந்தொகையைத் தேடி வந்த பிள்ளைகள் உண்டு.

இந்த எடுத்தாளல் பாட்டிலிருந்து படத் தலைப்புக்குத் திசை திரும்பிப் போவதும் உண்டு. ‘மன்னாதி மன்னன்’ (1960) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டின் தொடக்கம் 2016-இல் ‘அச்சம் என்பது மடமையடா’ என்று ஒரு படத்தின் தலைப்பானது. வாலியின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பாட்டின் தொடக்கம் அடுத்த ஆண்டே, 1966-இல், ‘நான் ஆணையிட்டால்’ என்ற படமானது. தலைப்பை முதலில் அறிந்தவருக்குப் பாட்டு பின்னால் வந்ததாகத் தோன்றுகிறது.

நகைச்சுவைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கவுண்டமணியும் செந்திலும் பேசியவை நாற்பது ஆண்டாக நம் அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன. டீக்கடையில், ஆபீசில், கல்யாண வீட்டில் வாழைப்பழக் கணக்கைச் சொல்லாமல் ஒரு நாள் போகாது. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984), ‘கரகாட்டக்காரன்’ (1989) இரண்டிலும் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். தானும் நடிகர். இன்று அவர் பெயரைச் சொன்னால் காட்டு வீரப்பனா என்று கேட்கிறார்கள். சிரிப்பை எழுதுவது அழுகையை எழுதுவதைவிடச் சிரமம் என்று ஒப்புக்கொள்கிறவர்களும் அதை எழுதியவரை ஒரு முறைகூடத் தேடுவதில்லை.

‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணிக்கு வேறு ஊரில் வேர். 2019 மே கடைசியில், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று முகநூலில் யாரோ கேட்க, ஒரு தமிழர் நேசமணியின் மண்டையில் விழுந்த கதையை அதில் எழுத, நேசமணிக்காகப் பிரார்த்தனை உலகம் முழுக்கப் பரவியது. ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) இயக்குநர் சித்திக் தன் 1999 மலையாளப் படத்தைத் தமிழில் மறுபடி எடுத்தது. அங்கே அந்த வேடத்தில் ஜெகதி ஸ்ரீகுமார். சுத்தியல் மலையாளத்திலிருந்து வந்தது. அது விழுந்தபின் முகத்தில் ஓடும் வலியும் அதிலிருந்து எழும் அதட்டலும் வடிவேலுவினுடையவை.

அதனால் நடிகருக்குப் பேர் போவதெல்லாம் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ‘திருவிளையாடல்’ (1965) தருமி அதற்குச் சாட்சி. கதை பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் இருக்கிறது. அவையில் வாசிக்கப்படும் பாட்டு இறையனார் பெயரில் குறுந்தொகையில் இருக்கிறது. வசனம் ஏ.பி. நாகராஜன், இதே நிகழ்ச்சியை அவர் ‘நான் பெற்ற செல்வம்’ (1956) படத்துக்குள் ஒரு முறை எழுதிப் பார்த்திருந்தார். இத்தனைக்கும் பிறகு, கோயிலில் தனியாகப் புலம்பும் தருமி நாகேஷ் கொண்டுவந்தது. மயிலாப்பூரில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒருவரைப் பார்த்த நினைவிலிருந்து அதைப் பிடித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இங்கே யார் எழுதியது என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரில் விடை கிடையாது.

இதையெல்லாம் துப்புத்துலக்கும் வேலை தமிழில் தனி ஆட்களின் தோளில்தான் நடந்திருக்கிறது. பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கப் படத் தகவல்களைத் தொகுத்தார். வாமனன் ‘திரை இசை அலைகள்’ நூல்வரிசையில் இசையமைப்பாளர்களையும் கவிஞர்களையும் பாடகர்களையும் தேடித்தேடிப் பதிவு செய்தார். தியடோர் பாஸ்கரன் அரசியல் வரலாற்றோடு சேர்த்து எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் அடியாதாரம் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் காசுக்கும் அணாவுக்கும் விற்ற மலிவுக் காகிதம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் பெரிய சேமிப்பு இருக்கிறது. ‘நாடோடி மன்னன்’ (1958) போல பட்டுக்கோட்டை, சுரதா, முத்துக்கூத்தன் என்று பலர் எழுதிய படங்களில், திரையின் தலைப்பு அட்டை எல்லாப் பெயரையும் ஒரே சட்டத்தில் அடுக்கிக் காட்டிவிட்டு மறையும். எந்தப் பாட்டு யாருடையது என்பதற்குப் பாட்டின் கீழே பெயர் அச்சிட்ட புத்தகம் கிடைத்தால்தான் வழக்கு தீரும். இப்போது கைப்பேசியில் பாட்டுக் காட்சி மட்டும் தனித்துண்டாக வருவதால் அந்தத் தலைப்பு அட்டையும் கண்ணில் படுவதில்லை. துண்டை வெட்டி ஏற்றுகிறவர்கள் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் போட்டால், தேடுகிறவர்களின் வேலை பாதி குறையும்.